கோவிட் கேஸ் பாதியாச்சு, நோய் குறைஞ்சுதா?

கேள்வி: மாநில டேஷ்போர்டுல இந்த வாரம் கோவிட் கேஸ் பாதியா காட்டுது, ஆனா டெஸ்ட்டும் பாதிதான் எடுத்திருக்காங்க, இப்ப நோய் குறைஞ்சுதா இல்ல எண்ணுறத குறைச்சுட்டாங்களா?

பதில் 1: பாசிட்டிவிட்டி ரேட் பாருங்க, அதாவது எடுத்த டெஸ்ட்ல எத்தனை சதவீதம் பாசிட்டிவ்னு. 1000 டெஸ்ட்ல 100, 500ல 50, ரெண்டுமே 10 சதவீதம்தான், அப்ப ஒண்ணும் குறையலங்க. நோய் கட்டுக்குள்ள இருக்குன்னு சொல்ல 2020 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு 5 சதவீதத்துக்குக் கீழ, அதுவும் தொடர்ந்து ரெண்டு வாரம்.

பதில் 2: அதையும் அப்படியே நம்பாதீங்க ப்ரோ, காய்ச்சல் இருக்கறவங்களுக்கு மட்டும் எடுத்தா ரேட் ஏறும், வீட்லயே கிட் வச்சு பாக்கறவங்க பல பேர் கணக்குலயே வரமாட்டாங்க. நான் சாக்கடைத் தண்ணி டெஸ்டத்தான் பாப்பேன், ஆஸ்பத்திரிக்கு போகாதவன் வைரஸும் அங்க வந்துரும்ல 😄

கேள்வி கேட்டவர்: ஓ, லீவு நாள்ல கேஸ் இறங்கறது ஏன்?

பதில் 1: லேப் ரிப்போர்ட் லேட்டா ஏறும், 7 நாள் சராசரிய பாருங்க.