மறு: செடேஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'அரைமயக்கம்' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். செடேஷன் என்பது சிகிச்சையின்போது நோயாளியின் பதற்றம் அடங்க மருந்து கொடுப்பது, முழுதாக மயக்கிப்போடுவது அல்ல. பல் மருத்துவமனை ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே இது உறைத்தது. கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவரிடம் 'மயக்கம் கொடுப்போம்' என்றால் அவர் கண்முன் ஆபரேஷன் தியேட்டர்தான் வந்து நிற்கும். பதற்றம் குறைக்கக் கொடுப்பதன் பெயரே பதற்றத்தைக் கிளப்பலாமா?

நடப்பது வேறு. மூக்கில் சிறிய முகமூடி வைத்து நைட்ரஸ் ஆக்சைடை (சிரிப்பூட்டும் வாயு) ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கிறார்கள். ஆள் விழித்தேதான் இருக்கிறார். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன், தெளிந்துவிடும். மிடசோலம் போன்ற மருந்தை வாய்வழியாகவோ இரத்தநாளத்தில் ஊசியாகவோ கொடுத்தால் கண் சொருகும், நடந்தது பாதி நினைவில் நிற்காது. துணைக்கு ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக்கூடாது. ஆனாலும் அளவோடு கொடுத்தால் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரும். இரண்டிலுமே ஈறு மரத்துப்போக ஊசி தனியாகப் போட்டாக வேண்டும். வலியைப் பார்த்துக்கொள்வது அந்த ஊசி. இது பார்த்துக்கொள்வது பயத்தை. அது சொல்லில் தெரிய வேண்டாமா?

என் முன்மொழிவு 'தணிவு'. செடேஷனின் இலத்தீன் வேருக்கும் அடங்கி அமரச் செய்வது என்றுதான் பொருள். காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது, முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி. செய்வது தணிவூட்டல், மருந்து தணிவூட்டி. படிகளுக்கும் ஒத்துவருகிறது: இளந்தணிவு (இளஞ்சூடு மாதிரி), நடுத்தணிவு, ஆழ்தணிவு. ஆழ்தணிவில் சும்மா கூப்பிட்டால் எழமாட்டார், மூச்சுக்கே உதவி தேவைப்படலாம். அதற்கும் அப்பால்தான் முழு மயக்கம்.

> 'ஆற்றுப்படுத்தல்' இருக்கிறதே?

அதை உளவியல் ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டாயிற்று. நம் குழுவில் அக்கா ஒருவர் சொன்ன 'கிறக்கம்' எனக்கு உண்மையிலேயே பிடித்தது. ஆனால் காதல் பாட்டு எழுதுபவர்கள் அதை நமக்கு விட்டுக்கொடுப்பார்களா? 'உங்களுக்குக் கிறக்கம் ஊட்டப்படும்' என்று படிவத்தில் அச்சடித்தால் கையெழுத்து வாங்கினாற்போலத்தான்.

பல்லுக்கும் இந்தச் சொல் பஞ்சாயத்துக்கும் பழைய உறவு உண்டு. 1844இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கக் கொடுத்தார். 1846இல் பாஸ்டனில் ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து காட்டிய மார்ட்டனும் பல் மருத்துவர்தான். அந்த நிலைக்கு 'அனஸ்தீசியா' என்று பெயர் வைக்கலாம் என மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் மார்ட்டனுக்குக் கடிதம் எழுதினார். நம்மைப் போல அவரும் மடலில்தான் கலைச்சொல் பேசியிருக்கிறார்! கிரேக்கத்தில் அது உணர்வின்மை. நாம் மயக்கம் ஆக்கி, மயக்கவியல் துறை என்று பலகையும் மாட்டிவிட்டோம். சரி, அது அங்கேயே இருக்கட்டும். அதன் பாதியை வெட்டிச் செடேஷனுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

ஓர் உறுத்தல் மட்டும் இருக்கிறது. தீரா நோயின் வேதனையைக் குறைக்கும் பாலியேட்டிவ் சிகிச்சையை 'நோய்த்தணிப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே தணிப்பு, இங்கே தணிவு என்று பிரித்தால் வார்டில் குழப்பம் வராதா? குழுவில் உள்ள செவிலியர்கள்தான் சொல்ல வேண்டும். அதுவரை படிவத்தில் 'பதற்றத் தணிவு' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.