மறு: லெவரேஜ் – நெம்புகோலா, கைமுதல் மடங்கா?

அனைவருக்கும் வணக்கம்.

வணிக வங்கிகளின் மூலதனக் கட்டமைப்புக்கும் லாபத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ‘மூலதனக் கட்டமைப்பு’ (சொந்தப் பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற கலவை) நிலைத்த சொல், அதில் சண்டை இல்லை. ஈக்விட்டிக்கு, அதாவது உரிமையாளர்களின் சொந்தப் பணத்துக்கு, இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘உரிமையாண்மை’ நம் ‘பங்கு மூலதன’த்தைவிடப் பொருத்தம் என்பேன், ஏனென்றால் அதில் காப்பு நிதிகளும் (பங்கிடாமல் சேர்த்துவைத்த லாபம்) அடங்கும். இடறுவது லெவரேஜ் ஒன்றுதான், அதாவது சொந்தப் பணத்தோடு கடனும் சேர்த்துத் தொழிலைப் பெருக்குவது. அதற்கு ‘நெம்புகோல்’ வேண்டாம், ‘கைமுதல் மடங்கு’ வைப்போம் என்பது என் கட்சி. வந்த கருத்துகளுக்குக் கீழேயே பதில் எழுதுகிறேன்.

> நெம்புகோல் என்பதே போதும். சிறு விசையால் பெரும் பாரத்தைத் தூக்குவது என்ற பொருள் அப்படியே வருகிறது.

ஐயா, தூக்குவது வருகிறது, விழுவது வரவில்லை. 100 கோடி ரூபாய் சொத்துள்ள வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். (வங்கிக்குச் சொத்து என்பது பெரும்பாலும் அது கொடுத்திருக்கும் கடன்தான்.) ஆண்டு லாபம் 1 கோடி. அதில் சொந்தப் பணம் 10 கோடி என்றால் முதல் போட்டவருக்கு 10% கிடைக்கிறது. சொந்தப் பணம் 5 கோடிதான், மீதி எல்லாம் டெபாசிட் என்றால் அதே லாபம் 20% ஆகிறது. கூடுதல் டெபாசிட்டுக்கு வட்டி போகுமே என்பீர்கள், சரி, கொஞ்சம் குறையும். இப்போது 4 கோடிக் கடன் வராமல் போகிறது. முதல் வங்கியில் 6 கோடி மிஞ்சும், இரண்டாவதில் 1 கோடி. அதாவது முதலுக்கே மோசம். இந்த இரண்டு பக்கமும் தெரிகிற சொல் வேண்டும்.

கடை வைக்கப் போகிறவனிடம் ஊரில் முதலில் கேட்பது “கைமுதல் எவ்வளவு?” என்றுதான். அதைப் போல எத்தனை மடங்கு தொழில் நடக்கிறது என்பதே லெவரேஜ். அதனால் ‘கைமுதல் மடங்கு’. மேலே சொன்ன வங்கிகளின் கைமுதல் மடங்கு முறையே 10, 20. கணக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெறும் ‘முதல் மடங்கு’ என்றால் முதலாவது மடங்கு என்று படித்துவிடுவார்கள், அதனால் ‘கை’ தேவை.

> பத்திரிகைகளில் ‘கடன்சுமை விகிதம்’ என்றே எழுதுகிறார்கள்.

நூற்பாலைக்குச் சரி. வங்கிக்குச் சரிவராது. வங்கிக்கு டெபாசிட் கடன்தான், ஆனால் அதுவே கச்சாப்பொருளும் கூட. நடப்புக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும் கிடக்கும் பணம் கிட்டத்தட்ட மலிவு விலைச் சரக்கு. அது நிறைய வைத்திருக்கும் வங்கியைப் பார்த்து யாரும் ‘பாவம், சுமை’ என்று சொல்வதில்லை, பொறாமைதான் படுகிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உராய்வில்லாத சந்தையில் (வரி, திவால் செலவு போன்றவை இல்லாத கற்பனைச் சந்தை) கடன் எவ்வளவு, சொந்தப் பணம் எவ்வளவு என்பது நிறுவனத்தின் மதிப்பை மாற்றாது என்று 1958-ல் பொருளியலாளர்கள் மோடிகிலியானியும் மில்லரும் காட்டினார்கள். கடன் கூடினால் ஆபத்து கூடும், அதற்கேற்பப் பணம் போடுகிறவர்களும் அதிகம் கேட்பார்கள் என்பது அதன் அடிப்படை. வங்கியில் அது நடப்பதில்லை. 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு இருக்கிறது. என் பணம் பத்திரம் என்று தெரிந்தபின் வங்கியின் கைமுதல் பத்து மடங்கா இருபது மடங்கா என்று நான் எதற்கு விசாரிக்கப் போகிறேன்? நான் விசாரிக்காததால்தான் ரிசர்வ் வங்கி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

> கடன் கூடினால் வங்கி லாபம் கூடும் என்று ஒரு ஆய்வேடு, குறையும் என்று இன்னொன்று. சொல்லைச் சரிசெய்தால் இது தீருமா?

பாதி தீரும். லாபத்தைச் சொத்தின் மீது அளந்தால் ஒரு விடை, உரிமையாண்மையின் மீது அளந்தால் இன்னொரு விடை. இரண்டாவது அளவு என்பது முதல் அளவைக் கைமுதல் மடங்கால் பெருக்கியதுதான். அப்படியிருக்க, மடங்கு கூடினால் உரிமையாண்மை மீதான வருவாய் கூடுகிறது என்று பெரிய கண்டுபிடிப்பாக எழுதினால், பெருக்கல் வாய்ப்பாட்டை நிரூபித்ததாகத்தான் ஆகும்.

தீராத மீதிப் பாதி, எது காரணம், எது விளைவு என்பது. லாபம் சம்பாதிக்கும் வங்கி அதைக் காப்பு நிதியில் சேர்க்கிறது, கைமுதல் தானாக வளர்கிறது. அப்போது முதல் அதிகமானதால் லாபமா, லாபத்தால் முதல் அதிகமானதா? எதிர்த்திசையிலும் இதே கதைதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015-லிருந்து 2021 வரை ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் (நலிந்த வங்கிகள் மீது வைக்கும் கட்டுப்பாடு) இருந்தது. வாராக்கடனால் நட்டம், நட்டத்தால் முதல் தேய்கிறது, அதனால் கட்டுப்பாடு, கட்டுப்பாட்டால் புதுக் கடன் கொடுப்பது சுருங்குகிறது, வருமானமும் சுருங்குகிறது. பொதுத்துறை வங்கிகள் இந்தச் சுழலிலிருந்து வெளியே வர அரசு முதல் போட வேண்டியிருந்தது. 2017 அக்டோபரில் அறிவித்த திட்டம் மட்டுமே 2.11 லட்சம் கோடி ரூபாய். பொதுத்துறை வங்கியின் மூலதனக் கட்டமைப்பை மேலாளர்கள் ‘தேர்ந்தெடுத்ததாக’ எழுதும் ஆய்வேடுகளைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

> ஆனால் பாசல் விதிகளில் (வங்கி மூலதனத்துக்கான சர்வதேச விதிகள்) லெவரேஜ் ரேஷியோ கூடக் கூட நல்லது என்று வருகிறதே. மடங்கு கூடினால் ஆபத்து என்கிறீர்கள்?

நல்ல கேள்வி, நெம்புகோலை நான் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். பெயர் லெவரேஜ் ரேஷியோ, ஆனால் கணக்கு தலைகீழ்: அடுக்கு-1 மூலதனத்தை (இழப்பை முதலில் தாங்கும் முதன்மை மூலதனம்) வங்கியின் மொத்தச் சொத்தும் ஏட்டில் வராத பொறுப்புகளும் சேர்ந்த தொகையால் வகுக்கிறார்கள். பாசல் குறைந்தபட்சம் 3%. ஸ்டேட் வங்கி போன்ற அமைப்புசார் முக்கிய வங்கிகளுக்கு (கவிழ்ந்தால் வங்கித் துறையையே உலுக்கக்கூடியவை) ரிசர்வ் வங்கி 4%, மற்றவற்றுக்கு 3.5% வைத்திருக்கிறது. 4% என்றால் உச்ச வரம்பு 25 மடங்கு. ‘நெம்புகோல் விகிதம் உயர்ந்தது, எனவே வங்கி பத்திரமாக இருக்கிறது’ என்று தமிழில் எழுதினால் படிக்கிறவர் தலையைச் சொறிவார்.

இந்த அளவின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மூலதனப் போதுமை விகிதம் என்ற இன்னொரு அளவில் ஒவ்வொரு கடனுக்கும் அதன் ஆபத்துக்கேற்ற இடர் எடை உண்டு. அரசுக் கடன்பத்திரத்துக்குச் சுழியம், தரக்குறியீடு இல்லாத கம்பெனிக்குக் கொடுத்த கடனுக்குப் பொதுவாக 100%. இந்த அளவிலோ எடையே கிடையாது, எல்லா ரூபாயும் ஒரு ரூபாய்தான். ஆகவே இதற்கு ‘எடையிலா முதல் வீதம்’ என்று வைக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு எதிர்த்திசைகளைக் காட்டுகிறது என்பதற்காக நாமும் காட்ட வேண்டுமா?

> கைமுதல் பேச்சு வழக்கு, ஏட்டில் ஏறாது. தவிர, வங்கி மூலதனம் எல்லாம் கைமுதலும் அல்ல.

முதல் வாக்கியத்தை ஏற்கவில்லை. ‘வட்டி’யும் பேச்சு வழக்கில் இருப்பதுதான், ஏட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது சரி. கூடுதல் அடுக்கு-1 பத்திரமும் அடுக்கு-2 பத்திரமும் வெளியார் கொடுத்த பணம். ஆனால் வங்கி கவிழும்போது இழப்பைத் தாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த பணம் என்பதால் மூலதனமாக எண்ணுகிறார்கள். எனவே ‘கைமுதல்’ உரிமையாண்மைக்கு மட்டும் நிற்கட்டும், இவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘தாங்குமுதல்’ என்று ஒன்று வைப்போம்.

தாங்குவது என்றால் என்ன என்பதற்கு 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியே சான்று. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது பங்குகளின் மதிப்பு சுழியமானது, 318.20 கோடி ரூபாய் அடுக்கு-2 பத்திரங்களும் போயின, டெபாசிட்தாரர்களுக்குச் சேதமில்லை. முதலில் பங்கு, அப்புறம் பத்திரம் என்று வரிசை ஒழுங்காக நடந்தது. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியில் வரிசை பிறழ்ந்தது. 8,400 கோடிக்கு மேற்பட்ட கூடுதல் அடுக்கு-1 பத்திரங்கள் முழுவதும் போயின, பங்குகளோ நீர்த்தாலும் (புதுப் பங்குகள் வந்து பழையவர்களின் பங்கு குறைந்தாலும்) பிழைத்தன. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கியிலும் 1,600 கோடி சுவிஸ் பிராங்க் பத்திரங்கள் இப்படியே போயின, பங்குதாரர்களுக்கு மட்டும் ஏதோ கிடைத்தது.

கடைசியாக ஒன்று. இந்தப் பத்திரங்களை ஒரே நாளில் சுழியமாக்குவதைப் பட்டியலில் ‘தள்ளுபடி’ என்று போட்டிருக்கிறோம். விவசாயக் கடன் தள்ளுபடியில் வங்கிக்கு வரவேண்டியது போகிறது, இங்கே வங்கி கொடுக்க வேண்டியது போகிறது. எதிரெதிர்த் திசை. ‘மதிப்பழிப்பு’ என்று மாற்றலாமா? பத்திர ஒப்பந்தங்களைத் தமிழில் மொழிபெயர்த்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அதன்பின் பட்டியலைத் திருத்துகிறேன்.