ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் பார்சல் வேன் ஓட்டப் போகலாமா?

யீஷூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்வி அமைச்சுடன் போட்ட பாண்ட் (இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) முடிந்து பல வருடமாகிறது. வகுப்பில் நின்று பாடம் நடத்துவது இன்றும் எனக்குப் பிடித்த வேலைதான், அதில் சலிப்பு வரவில்லை. அதைச் சுற்றியிருக்கும் மற்றதெல்லாம்தான் ஆளைத் தின்கிறது. எங்கள் பள்ளியில் பிற்பகலில் மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் தமிழ் படிக்க வருகிறார்கள், அது முடிந்து வீடு போகும்போது இருட்டிவிடும். சாப்பிட்டுவிட்டு மார்க்கிங், அப்புறம் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சிக் காணொளி தயாரிப்பது, சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை) பயணத்துக்குப் படிவம், நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தாலே நெஞ்சு கனக்கிறது.

மனைவி வேலை பார்க்கிறார், இரண்டு பிள்ளைகளும் தொடக்கப் பள்ளியில், வீட்டுக் கடன் இன்னும் பாக்கி. தெரிந்தவர் ஒருவர் பார்சல் டெலிவரிக்குப் போய் நிம்மதியாக இருப்பதாகச் சொல்கிறார். உண்மையில் கைக்கு என்ன நிற்கும், இந்த வயதில் உடம்பு தாங்குமா, சிபிஎஃப் (ஓய்வுக்காலத்துக்கான மத்திய சேமநிதி) என்ன ஆகும், பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக வழி உண்டா? ஜூன் விடுமுறையில் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா என்றும் யோசிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொங்கோல்_வேன் எழுதியது:

சார், நானும் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து வெளியே வந்தவள்தான், இப்போது வேன் ஓட்டுகிறேன். நீங்கள் சொல்லும் அந்த ஞாயிறு மாலை கனம் எனக்கும் இருந்தது, இப்போது இல்லை. கடைசிப் பார்சலைக் கொடுத்து வேன் கதவைச் சாத்தினால் வேலை அங்கேயே முடிந்தது, மனத்தில் எதையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவதில்லை. இதற்காகவே நான் இந்த வேலையை மதிக்கிறேன்.

ஆனால் நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். காலையில் கிடங்கில் வரிசை நின்று, உங்கள் பகுதிப் பார்சல்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கடைசியாகக் கொடுக்கவேண்டியது உள்ளே, முதலில் கொடுக்கவேண்டியது கதவருகே. இதில் அவசரப்பட்டால் நாள் முழுக்க வேனுக்குள் ஏறித் தேடிக்கொண்டிருப்பீர்கள். வீவக புளோக் (அரசாங்க அடுக்குமாடி) என்றால் டிராலியோடு லிஃப்டில் மேல்மாடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கி வருவது எனக்குச் சரிப்படுகிறது. கதவு, வீட்டு எண், பார்சல் மூன்றும் தெரிகிற மாதிரிப் படம் எடுக்காமல் நகரவே கூடாது, பின்னால் "வரவில்லை" என்று புகார் வந்தால் அந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும். தனியார் அடுக்குமாடியான கொண்டோவில் காவலரிடம் பதிவு, சரக்கு லிஃப்டுக்குக் காத்திருப்பு என்று நேரம் போய்விடும், அங்கே கோபப்பட்டுப் பயனில்லை.

பார்சல் என்றால் சின்னச் சின்னப் பொட்டலம் என்று நினைக்காதீர்கள். பூனை மணல் மூட்டை, அட்டைப்பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில், பிரித்து அடுக்கிய மேசை, பத்துக் கிலோ அரிசி எல்லாம் வரும். மழையில் அட்டை ஊறி அடி விட்டுப்போகும். 11.11, 12.12 இணைய விற்பனை நாட்களிலும் சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களிலும் வேன் கூரை வரை பார்சல்தான். கழிவறைக்குக் கோப்பிக் கடை எங்கே என்று பகுதி பகுதியாகத் தெரிந்து வைத்திருக்கிறேன், பெண்களுக்கு இது பெரிய விஷயம். முதல் சில மாதம் முழங்காலும் இடுப்பும் நன்றாகவே வலித்தன. பழகிவிடும் என்று பலர் சொல்வார்கள். பழகுவது தூக்கும் முறைதான், வலி கொஞ்சம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

கூட்டல்கழித்தல் எழுதியது:

பண விஷயத்தை நான் சொல்கிறேன். விளம்பரத்தில் போடும் தொகையைப் பார்க்காதீர்கள், அதில் வேன் வாடகை, எண்ணெய், இஆர்பி சாலைக் கட்டணம், பார்க்கிங், எப்போதாவது வரும் அபராதம் எல்லாம் உங்கள் தலையில். வருட இறுதிப் போனஸ் இல்லை, சம்பளத்தோடு விடுப்பு இல்லை, காய்ச்சலில் படுத்தால் அன்று வருமானம் இல்லை.

சிபிஎஃப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இப்போது உங்கள் சம்பளம் மாதம் 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், அதற்கு மேல் அமைச்சு 17% போடுகிறது, அதாவது 1,020 வெள்ளி. செயலி வழியாக வேலை தரும் நிறுவனங்களுக்கு, அதாவது தளங்கள் வழியாக, ஓட்டினால் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தளத்துறை ஊழியர் சட்டம் பொருந்தும். 1995க்கு முன் பிறந்தவர்களுக்குக் கூடுதல் சிபிஎஃப் கட்டாயமில்லை, நீங்களாகச் சேரலாம், சேர்ந்தால் திரும்ப வெளியே வர முடியாது. நிறுவனத்தின் பங்கு 2025இல் 3.5% என்று தொடங்கி ஆண்டுதோறும் ஏறி 2029இல் 17% ஆகும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேன் ஓட்டுபவருக்கு வருமானத்தில் 60% செலவாகக் கழித்த பிறகுதான் கணக்கு. 4,000 வெள்ளி சம்பாதித்தால் 1,600க்குத்தான் சிபிஎஃப், அதன் 17% வெறும் 272 வெள்ளி. இருபது வருடம் கழித்து இந்த வித்தியாசம் உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதைவிட முக்கியம், அந்தச் சட்டம் எல்லா பார்சல் வேலைக்கும் பொருந்தாது. கூரியர் நிறுவனத்திடம் ஒப்பந்தம் எடுத்த ஒரு சின்னக் கம்பெனி உங்களை "ஃப்ரீலான்ஸ்" என்று சேர்த்துக்கொண்டால், காயம் பட்டால் இழப்பீடு யார் தருவார்கள் என்பதே தெளிவாக இருக்காது. கையெழுத்துப் போடுமுன் அந்த நிறுவனம் மனிதவள அமைச்சின் தளநடத்துநர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் முதல் வருடம் மாதச் சம்பள டிரைவராகவே சேருங்கள். வேன் அவர்களுடையது, சிபிஎஃப் முழுதாக வரும், விடுப்பும் உண்டு. சம்பளம் குறைவுதான், இருந்தாலும் உங்கள் உடம்புக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பதை அதிகச் சேதமில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ராஜினாமாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நிலையில்லாத வருமானத்தில் குறைந்தது 30% தள்ளிவிட்டுத்தான் வங்கி கணக்குப் போடும்.

இன்னும்_வகுப்பறையில் எழுதியது:

ஜூன் விடுமுறையில் ஓட்டிப் பார்க்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாம் அரசாங்க ஊழியர்கள், வெளி வேலைக்கு முன்அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் போய் மாட்டினால் போகும்போது கெட்ட பெயரோடு போவீர்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தால் கற்பித்தலைவிட்டு ஓட விரும்புகிறவர் மாதிரித் தெரியவில்லை. நம் வேலைப்பளு கற்பனை இல்லை, ஓஇசிடி என்ற அனைத்துலக அமைப்பு 2024இல் எடுத்த ஆய்விலேயே சிங்கப்பூர் ஆசிரியர்கள் வாரம் 47 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமைச்சு தெளிவாகச் சொல்லியும் விட்டது, பெற்றோருக்குச் சொந்தக் கைப்பேசி எண் தரத் தேவையில்லை, வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திக்குப் பதில் போடவேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் பள்ளியில் அது நடக்கிறதா? நடக்கவில்லை என்றால் முதலில் துறைத் தலைவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம். விட்டேதான் ஆகவேண்டும் என்றாலும் பிறகு ஃப்ளெக்ஸி அட்ஜங்ட் ஆசிரியராகச் சில மணி நேரம் மட்டும் வந்து பாடம் எடுக்க முடியும், தமிழுக்கு ஆள் தேவை எப்போதும் இருக்கிறது. போகிற நாளை முடிவு செய்யுமுன் அடுத்த கனெக்ட் தொகை (பணியில் நீடிக்கும் ஆசிரியருக்கு அமைச்சு அவ்வப்போது தருவது) எப்போது கைக்கு வரும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உழைப்பின் பணம்.

உயர்நிலை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் அவர்கள் தேர்வு முடிந்த பிறகு போங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

தெம்பனிஸ்_அக்கா எழுதியது:

தம்பி, என் வீட்டுக்காரர் பல வருடமாக டெலிவரி வேன் ஓட்டுகிறார். நல்ல மனுஷர், வேலையைக் குறை சொல்லவே மாட்டார். ஆனால் முதுகு பிடித்து அவர் வீட்டில் கிடந்த வாரங்களில் குடும்பம் என் சம்பளத்தில்தான் ஓடியது. உங்கள் மனைவியிடம் "நான் ஒரு மாதம் படுத்துக்கிடந்தால் சமாளிக்க முடியுமா" என்று நேராகக் கேளுங்கள். அம்மா அப்பா என்ன சொல்வார்கள், சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாத்தியார் வேன் ஓட்டுகிறார் என்று பேசுகிறவன் பேசட்டும், அவன் வீட்டுக்கும் பார்சல் நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்.

யீஷூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்ன கேள்வியை நேற்றிரவே கேட்டுவிட்டேன். ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருந்தால் சரி என்றார் மனைவி, இப்போது அவ்வளவு இல்லை. அதனால் இந்த ஆண்டு என் உயர்நிலை நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கப்போகிறேன், துறைத் தலைவரிடம் பிற்பகல் வகுப்புகளைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன், கூடவே சேமிக்கவும் தொடங்குகிறேன். வருட இறுதியிலும் மனம் மாறவில்லை என்றால் மாதச் சம்பள டிரைவர் வேலைக்கு விண்ணப்பிப்பேன். ஒரே ஒரு சந்தேகம், என்னிடம் இருப்பது கிளாஸ் 3ஏ உரிமம், அது போதுமா?

பொங்கோல்_வேன் எழுதியது:

ஆட்டோ கியர் வேனுக்குப் போதும் சார், மேனுவல் வேனுக்குக் கிளாஸ் 3 வேண்டும். பல கம்பெனிகளில் இன்னும் மேனுவல் வேன்தான் ஓடுகிறது. சேமிக்கிற இந்த மாதங்களிலேயே கிளாஸ் 3 எடுத்துவிடுங்கள், ஓட்டுநர் பள்ளியில் இடம் கிடைக்கவே நாளாகும், இப்போதே பதிவு செய்து வையுங்கள்.