புதுப்பிப்பு (ஜூலை 28, 2024): பிரேவ்ஸ் காயப் பட்டியலும் மெட்ஸ் கணக்கும்

பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்ட்ரைடரின் முழங்கை, அவுட்ஃபீல்டர் (வெளிக்களத்தில் நிற்பவர்) அகுன்யாவின் இடது முழங்கால் இரண்டும் காயத்தில் போனபின், நம் அமெரிக்க பேஸ்பால் அணி அட்லாண்டா பிரேவ்ஸ் தாக்குப்பிடிக்குமா என்ற பழைய இழையின் தொடர்ச்சி இது.

இப்போது இரண்டாம் பேஸ் வீரர் ஆல்பீஸும் இல்லை. ஜூலை 21 கார்டினல்ஸ் ஆட்டத்தில் இடது மணிக்கட்டு முறிவு. எட்டு வாரம் என்கிறார்கள். திரும்பினாலும் சிக்கல் உண்டு. வலது கை பிட்சர்களுக்கு எதிராக அவர் இடதுபக்கம் நின்று ஆடுபவர். அப்போது மட்டையில் மேல்கை அதே இடது கைதான், சுழற்றும்போது முறிந்த அந்த மணிக்கட்டு நன்றாக மடங்கும்.

நம் பிரிவிலேயே போட்டியிடும் நியூயார்க் மெட்ஸ் பக்கமும் அடி. தோள் காயத்திலிருந்து மீண்ட அவர்களின் பிட்சர் செங்கா, 26ஆம் தேதி நம்மை ஐந்து இன்னிங்ஸ் திணறடித்தார். ஆறாவதில் நம் ரைலி தூக்கியடித்த பந்துக்கு வழிவிட்டு ஓடியவர், இடது கெண்டைக்காலைப் பிடித்தபடி விழுந்தார். 60 நாள் காயப் பட்டியலில் போட்டால் செப்டம்பர் கடைசி வாரம்வரை ஆட முடியாது. ஆனால் மெட்ஸின் 40 பேர் கொண்ட வீரர் பட்டியலில் ஓர் இடம் காலியாகும், வர்த்தகத்துக்கு (பிற அணிகளிடமிருந்து வீரர்களை வாங்க) அது வசதி.

2021இல் ஜூலை 10 அன்றும் அகுன்யா காயப்பட்டு விழுந்தார். பீடர்சன், சோலேர், ரொசாரியோ, டுவால் என நான்கு அவுட்ஃபீல்டர்களை வாங்கி, பிரேவ்ஸ் கோப்பையையும் வென்றார்கள். இம்முறை ஒரு அவுட்ஃபீல்டராவது வேண்டும். வர்த்தகக் கெடு 30ஆம் தேதி மாலை 6 மணி.