இண்டக்‌ஷனோடு கெட்டிலும் போட்டால் எம்சிபி விழுகிறது. 32 ஆம்ப் மாற்றலாமா?

திருச்சிக்காரி:
வணக்கம். கேஸைக் குறைத்துக்கொண்டு கரண்ட் அடுப்புக்கு மாறப் பார்க்கிறோம். 2000 வாட் இண்டக்‌ஷன் வாங்கியாயிற்று. வீடு இருபது வருடப் பழசு. அடுப்பு தனியாக ஓடினால் பிரச்சினை இல்லை. கூடவே 1500 வாட் கெட்டிலைப் போட்டால் சில நிமிடத்தில் சமையலறை எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. அதில் 10 என்று போட்டிருக்கிறது. ஃபிரிட்ஜும் அதே லைன்தான். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "32 ஆம்ப் போட்டுடலாம்மா, அப்புறம் விழாது" என்கிறார். செய்யலாமா? அம்மாதான் அதிகம் சமைப்பவர், அதனால் பயமாக இருக்கிறது.

பழைய வயர்மேன்:
வேண்டாம்மா, தயவுசெய்து போடாதீங்க. எம்சிபி இருப்பது அடுப்பைக் காப்பாற்ற இல்லை, சுவருக்குள் போகிற ஒயரைக் காப்பாற்ற. கணக்கைப் பாருங்க. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்ப். கெட்டில் ஆறரை. ஃபிரிட்ஜோடு 16ஐத் தாண்டும். 10 ஆம்ப் எம்சிபி விழுவதுதான் சரி, அது ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தக் கால வீடுகளில் இந்த மாதிரி லைனுக்கு பெரும்பாலும் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒயர்தான் இழுத்திருப்பார்கள். அதன்மேல் 32 ஆம்ப் போட்டால் ஒயர் சூடாகி இன்சுலேஷன் உருகினாலும் எம்சிபி அசையாது.

அடுப்பை எந்தப் பிளக்கில் சொருகியிருக்கிறீர்கள்? கால் மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

திருச்சிக்காரி:
பார்த்தேன் அண்ணா. அடுப்பில் வந்தது தடித்த பின். சுவரில் இருப்பது சின்ன சாக்கெட், அதனால் கடையில் ஒரு கன்வெர்டர் வாங்கிச் சொருகியிருக்கிறோம். கை வைக்க முடியாத சூடு. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பழுப்பாகிவிட்டது, லேசாகக் கருகின வாடையும் வருகிறது.

பழைய வயர்மேன்:
இன்றைக்கே அந்த இடத்தில் அடுப்பை நிறுத்திவிடுங்கள். சின்ன சாக்கெட் 6 ஆம்புக்கானது, அதில் 9 ஆம்ப் நெடுநேரம் ஓடுகிறது. கன்வெர்டரைத் தூக்கிப் போடுங்கள். எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து அடுப்புக்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்: 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், 20 ஆம்ப் எம்சிபி, 16 ஆம்ப் சாக்கெட். எர்த் கண்டிப்பாக இருக்க வேண்டும். சில பழைய வீடுகளில் சாக்கெட்டில் துளை மூன்று இருக்கும், எர்த் ஒயர் எங்கேயும் சேர்ந்திருக்காது. டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. விழுவது எம்சிபியா, கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபியா என்று எப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் கழித்து எம்சிபி விழுந்தால் லோடு அதிகம். போட்டவுடனே விழுந்தால் ஷார்ட்டாக இருக்கலாம். டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபி விழுந்தால் கரண்ட் எங்கோ கசிகிறது, அது வேறு வைத்தியம்.

அடுப்படி ராணி:
லைன் போட்ட பிறகு பாத்திரப் பிரச்சினை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் வேலை செய்யும். அலுமினிய குக்கர், இண்டாலியம் சட்டி, மண்சட்டி, ஈயச்சொம்பு எதுவும் ஆகாது. இரும்பு தோசைக்கல் ஆகும். ஆனால் சூடு அடுப்புக்குள் இருக்கும் சுருளுக்கு மேலே உள்ள வட்டத்தில்தான் ஏறும். எங்கள் வீட்டுப் பெரிய கல்லில் நடுவில் தோசை முறுகி ஓரம் வெளுத்தே இருந்தது. சின்ன கல்லாக வாங்குங்கள், இல்லை தோசையை கேஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்காரி:
நன்றி அக்கா. அப்படியானால் பில்? இப்போது இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் வருகிறது. சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும்.

மீட்டர் கணக்கு:
14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் கரண்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றி வீணாகப் போய்விடும். இண்டக்‌ஷனில் அவ்வளவு போகாது. அதனால் ஒரு சிலிண்டர் சமையலுக்கு 140 யூனிட் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டு மாதத்தில் 185 போலக் கூடும், மொத்தம் 515 வரும். அங்கேதான் இடிக்கிறது. 500ஐத் தாண்டினால் 500க்குள் நிற்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கும் விலை கூடுதல். சோறு, பருப்பு, பால், வெந்நீர் இதெல்லாம் கரண்டில், தோசையும் தாளிப்பும் கேஸில் என்று பிரித்தால் 500க்குள் நிற்கும். கரண்ட் போகிற நாளுக்கும் சிலிண்டர் வேண்டும், கனெக்‌ஷனை ஒப்படைத்துவிடாதீர்கள்.

திருச்சிக்காரி:
சரி, அப்படியே செய்கிறோம். வேறு ஒருவரிடம் கேட்டேன், அவரும் தனி லைன்தான் என்றார். திங்கட்கிழமை வருகிறார்.

பழைய வயர்மேன்:
நல்லது. வந்ததும் கருகிய சாக்கெட்டைக் கழற்றி, அதற்குப் போகிற ஒயரின் முனையையும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்திருந்தால் நல்ல ஒயர் வரும் வரை வெட்டிவிட்டுப் புது சாக்கெட்டில் முறுக்க வேண்டும். அப்புறம் அம்மாவிடம் சொல்லுங்கள்: சமைத்து முடித்ததும் அடுப்பின் பட்டனை மட்டும் அணைக்கட்டும். உள்ளே விசிறி நின்ற பிறகு சுவர் சுவிட்சை அணைத்தால் போதும்.