பீகேஷ்எஃப்எஸ்ஸை கெர்னலிலிருந்து எடுத்தது சரியா? டேட்டாவை மீட்கும் வசதிக்குக்கூடவா இவ்வளவு சண்டை?

வட்டுப்பெட்டி:

வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் நான்கு ஹார்ட்டிஸ்க், முன்னால் ஒரு எஸ்எஸ்டி வைத்து 2024 தொடக்கத்திலிருந்து பீகேஷ்எஃப்எஸ் (bcachefs) என்ற ஃபைல்சிஸ்டத்தை, அதாவது டிஸ்கில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் மென்பொருளை, ஓட்டுகிறேன். பிள்ளைகளின் படங்கள், அப்பாவின் கேசட்டுகளிலிருந்து மாற்றிய பாட்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 2024 ஜனவரியில் 6.7 பதிப்பு வந்து, அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது என்ற தைரியத்தில்தான் மாறினேன். இப்போது 6.18-இல் அந்த நிரல் கோடு (code) மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் டிகேஎம்எஸ் மாட்யூலாக (ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டிச் சேர்க்கும் துண்டு) தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.

2025 ஜூனில் நடந்ததைப் படித்தேன். 6.16-க்கான ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) ஓடிக்கொண்டிருந்தபோது, பீகேஷ்எஃப்எஸ்ஸை எழுதும் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் ஜர்னல் ரீவைண்ட் என்ற வசதியை அனுப்பினார். ஃபைல்சிஸ்டம் கெட்டுப்போனால் ஜர்னலில் (மாற்றங்களை வரிசையாகப் பதியும் குறிப்பேடு) பழைய இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மீட்பதற்கான வழி அது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வாங்கிக்கொண்டார், கூடவே 6.17 மெர்ஜ் விண்டோவில் (புதுக் கோடு சேர்க்கும் காலம்) பிரிந்துவிடுவோம் என்றும் எழுதிவிட்டார். டேட்டாவை இழந்து நிற்கிறவனுக்கு அது புது வசதியா, பழுது நீக்கமா? எனக்கு அது பழுது நீக்கம்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பழைய பேட்ச்:

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு பேட்சை (கோடில் செய்யும் மாற்றம்) மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியாது.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முதல் 2 வாரம் மெர்ஜ் விண்டோ. புதிதாக எது வந்தாலும் அப்போதுதான். அதன்பிறகு வாரம் ஒன்றாக 7 அல்லது 8 ஆர்சி, அதில் பழுது நீக்கம் மட்டும். இந்த ஒழுங்கு இருப்பதால்தான் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதும் கோடு 9, 10 வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நிலையில் வெளியே வருகிறது. கென்ட் இதை மீறியது அதுதான் முதல் தடவை என்றால் ஒரு திட்டோடு போயிருக்கும். 2024 ஆகஸ்டிலேயே, ஆர்சி நடுவில் ஆயிரம் வரிக்கு மேல் அனுப்பி, ஃபைல்சிஸ்டத்துக்கு வெளியே உள்ள கோடையும் தொட்டபோது, இதைச் சேர்த்ததற்கே வருந்த ஆரம்பித்திருப்பதாக லினஸ் எழுதினார். அந்த நவம்பரில் கெர்னல் சமூகத்தின் நடத்தை விதிக் குழு தலையிட்டதால், 6.13-க்கு கென்டின் புல் ரிக்வெஸ்டையே (கோடைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வாங்கவில்லை. இதெல்லாம் நடந்த பிறகுதான் ஜர்னல் ரீவைண்ட்.

அப்புறம், உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: அது வசதிதான். நல்ல வசதி, தேவையான வசதி, ஆனால் வசதி. பிழை இருந்த இடத்தை அது திருத்தவில்லை, பிழை நடந்த பிறகு மீளப் புதிதாக ஒரு பாதை போடுகிறது. புதுப் பாதையில் புதுப் பிழை இருக்கலாம், அதுவும் டேட்டாவையே தொடும் இடத்தில். ரொம்பத் தேவைப்பட்ட ஒருவருக்கு அந்தப் பேட்சை மட்டும் தனியாகக் கொடுத்திருக்கலாமே. கென்ட் காத்திருக்க வேண்டியிருந்தது அடுத்த மெர்ஜ் விண்டோ வரை, அதாவது சில வாரம்.

பொறுமைக்கு ப்ரீயெம்ப்ட் ஆர்டி (குறித்த நேரத்துக்குள் பதில் தரும்படி கெர்னலை மாற்றும் ரியல்டைம் வேலை) ஆட்களைப் பாருங்கள். 2004 வாக்கில் தொடங்கினார்கள், முழுதாக உள்ளே போனது 2024 செப்டம்பரில், 6.12-க்கு. 20 வருடம் அவர்கள் சும்மா வெளியே நிற்கவில்லை. மியூடெக்ஸ் (ஒரு வகைப் பூட்டு), ஹைரெசல்யூஷன் டைமர், எஃப்ட்ரேஸ் (கெர்னல் ஓட்டத்தைப் பின்தொடரும் கருவி) என்று தங்கள் தனிக் கோடுத் தொகுப்பில் வளர்ந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து, ரியல்டைமே வேண்டாதவனுக்கும் பயன்படும்படி கொடுத்தார்கள். கடைசியாக வழியை அடைத்து நின்றது பிரிண்ட்கே. ஒரு வரி லாக் அச்சிடுகிற வேலை, அதைச் சரிசெய்யவே பல வருடம் ஆனது. நான் எம்பெடட் வேலையில் பல வருடம் அந்தப் பேட்சைக் கையால் பொருத்தியவன். ஒவ்வொரு கெர்னல் மாறும்போதும் இரண்டு நாள் போகும். அது உள்ளே போன அன்று நான் அடைந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

மாலா நெட்:

பேட்ச் அண்ணா சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடைமுறை எப்போதும் சரி, வெளியிலிருந்து வருகிறவர்தான் வளைய வேண்டும் என்பது போல ஒலிக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

வயர்கார்ட் என்ற விபிஎன்னை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் ஜேசன் டோனன்ஃபெல்ட் அனுப்பியபோது லினஸே அதைக் கலைப்படைப்பு என்று புகழ்ந்தார். ஆனாலும் 2020 மார்ச்சில் 5.6 வரும்வரை உள்ளே வரவில்லை. தடை விபிஎன் கோடில் இல்லை. கெர்னலின் கிரிப்டோ ஏபிஐ (குறியாக்க வேலைகளை அழைக்கும் முறை) சுற்றிவளைத்து இருக்கிறது, ஒரு ஃபங்ஷனை அழைத்தால் வேலை முடிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் ஜிங்க் என்று தனியாக ஒரு லைப்ரரி எழுதினார். ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கிரிப்டோ பக்கத்தவர்கள் நின்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் அவர் ஜிங்க்கை விட்டுக்கொடுத்தார், ஆனால் அவர் கேட்ட மாதிரி நேராக அழைக்கும் ஃபங்ஷன்கள் 5.5-இல் கெர்னலின் சொந்த கிரிப்டோ லைப்ரரியிலேயே வந்தன. அதாவது அவர் சொன்ன குறை உண்மை. இரண்டு பக்கமும் நகர்ந்ததால்தான் முடிந்தது. பீகேஷ்எஃப்எஸ்ஸில் யாரும் நகரவில்லை, நஷ்டம் வட்டுப்பெட்டி போன்றவர்களுக்கு.

ஷெட்யூலர் பித்து:

மெயின்டெய்னர் (கெர்னலின் ஒரு பகுதிக்குப் பொறுப்பானவர்) மறுத்தால் கதை முடிந்தது என்றும் இல்லை. ஷெட்எக்ஸ்ட் தெரியும்தானே, பிபிஎஃப்-இல் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வழி) ஷெட்யூலர் (எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் பகுதி) எழுதி, ரீபூட் இல்லாமலே ஏற்றி இறக்கலாம். மெட்டாவிலிருந்து தேஜுன் ஹியோ குழு கொண்டுவந்தது. ஷெட்யூலர் மெயின்டெய்னர் பீட்டர் ஜில்ஸ்ட்ரா வேண்டவே வேண்டாம் என்றார். அவரவர் தனித்தனி ஷெட்யூலர் வைத்துக்கொண்டால் பொதுவானதைத் திருத்த யார் வருவார்கள் என்ற பயம் அதில் இருந்தது, அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2024 ஜூனில் லினஸ் தலையிட்டு, சேர்க்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார், 6.12-இல் வந்தது. ஏற்றிய ஷெட்யூலர் ஏதாவது டாஸ்க்கை ஓடவிடாமல் நிறுத்தினால் கெர்னலே அதைத் தூக்கிவிட்டு வழக்கமான ஷெட்யூலருக்குத் திரும்பிவிடும். இப்படித் திரும்பும் வழி இருந்தது பெரிய பலம். ஃபைல்சிஸ்டத்தில் அந்த வசதி கிடையாது, டிஸ்கில் எழுதியது எழுதியதுதான். அதனால்தான் அங்கே இன்னும் கடுமையாக இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வட்டுப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. வசதி, பழுது என்ற வித்தியாசத்தைப் பேட்ச் அண்ணா சொன்ன பிறகு ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் உள்ளே எடுத்த பிறகு வெளியே அனுப்பும்போது, அதை நம்பி வந்தவர்களையும் ஒரு தரப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது. இப்போது நான் பழைய 6.12 கெர்னலுக்குத் திரும்பிப் போவதா, மாட்யூலோடு தொடர்வதா?

பழைய பேட்ச்:

திரும்பிப் போகாதீர்கள், 6.12-இல் இருப்பது 2024 காலத்துக் கோடு. மாட்யூலோடு இருங்கள். கெர்னல் புதுப்பித்தால் ரீபூட்டுக்கு முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பார்த்து, புதுக் கெர்னலுக்கு மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள், பழைய கெர்னலையும் அழிக்காதீர்கள். அதற்கெல்லாம் முன்னால் இன்று ராத்திரியே அப்பாவின் பாட்டுகளை வேறொரு டிஸ்கில், எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில், ஒரு நகல் எடுத்து வையுங்கள்.