கூட நின்ற சமையல்காரருக்குக் குறைந்த சம்பளம், புதிதாக வந்தவனுக்குக் கூடச் சம்பளம்

கிளிநொச்சிக்காரன்:
ஏ9 வீதி ஓரமாக எனக்கு 11 அறை விடுதி, கீழே சாப்பாட்டுக்கடை. 2020 மார்ச் ஊரடங்கோடு பூட்டியது ஏழு மாதம் நீண்டது. எல்லாரும் போக, சமையல் அண்ணை மட்டும் நின்றார். கிழமைக்கு ஒரு தடவை எல்லாக் குழாயையும் திறந்துவிடுவார். இல்லாவிட்டால் எங்கள் ஊர்த் தண்ணீருக்குச் சுண்ணாம்பு படிந்துவிடும். மெத்தைகளை வெயிலில் போட்டார். நான் கொடுத்தது பாதிச் சம்பளம், மாதம் 13,000 ரூபாய். பிறகு 2022 இல் காஸ் இல்லாதபோது பின்முற்றத்தில் விறகு மூட்டிப் புட்டு அவித்தவரும் அவர்தான்.

இப்போது அறைகள் நிரம்புகின்றன, ஆள்தான் இல்லை. கத்தாரில் இருந்து வந்த பெடியன் ஒருவன் 45,000 கேட்டான், கொடுத்தேன். அண்ணைக்கு 38,000. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை. பேச்சு நின்றுவிட்டது, சமையல் மட்டும் அதே ருசியாக இருக்கிறது. அதுதான் வதைக்கிறது. என்ன செய்யலாம்?

ஓமந்தை லொட்ஜ்:
கத்தாரில் இருந்து வந்தவன் நல்ல விசா கிடைத்தால் திரும்பவும் ஏறிவிடுவான். அண்ணைக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள், அவர் கேட்க முதல். பில்லில் 10 சதவீதம் சேவிஸ் சார்ஜ் எடுக்கிறீர்களா? நான் மாதாமாதம் மொத்தத்தையும் ஆளுக்கு எவ்வளவு என்பதையும் குசினிச் சுவரில் ஒட்டிவிடுவேன். ஒளித்தால்தான் பிரச்சினை.

முல்லைத்தீவு ரிசெப்ஷன்:
நான் மற்றப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். 2020 இல் எங்கள் முதலாளி ஓர் இரவு என்னை வாட்ஸ்அப் குழுவில் இருந்து எடுத்துவிட்டார். வேலை போனது அப்படித்தான் தெரியும். இரண்டு வருடம் கழித்து இரட்டிப்புச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார், போகவில்லை. உங்கள் அண்ணைக்கு நோவது அந்த 7,000 வித்தியாசமாக இருக்காது. அந்த ஏழு மாதத்தைப் பற்றி அவரோடு கதைத்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
கதைக்க முதல் சம்பளக் கொப்பியைப் பாருங்கள். 2020 மே மாதத்தில் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் செய்த இணக்கப்படி, வேலைக்குக் கூப்பிடாமல் வீட்டில் இருத்தியவருக்கே அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500, எது கூடவோ அது. உங்கள் 13,000 அதற்கும் கீழே. அதோடு அவர் வீட்டில் இருக்கவில்லையே, கட்டடத்தையல்லவா பார்த்தார்! ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பங்கு 12 சதவீதம், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், அந்த மாதங்களுக்குக் கட்டினீர்களா என்றும் பாருங்கள்.

கிளிநொச்சிக்காரன்:
பார்த்தேன். ஈ.பி.எப். மூன்று மாதம் கட்டவில்லை, வெட்கமாக இருக்கிறது. அதைக் கட்ட ஒழுங்கு செய்துவிட்டேன். வெட்டிய மற்றப் பாதி, ஏழு மாதத்துக்கு 91,000. ஒரேயடியாக முடியாது, மாதம் 13,000 வீதம் தருகிறேன் என்று கொப்பியை அவர் முன்னால் வைத்தேன். சம்பளம் இந்த மாதம் முதல் 48,000.

அண்ணை கொப்பியை நெடுநேரம் பார்த்தார். "வட்டி எங்கே தம்பி?" என்றார். சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. அப்புறம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்றார். 11 அறையும் நிரம்பும் நாட்கள். சரி என்றுவிட்டேன். கத்தார்ப் பெடியனுக்கு இடியப்பம் பிழியப் பழக்குகிறார், கூடவே எனக்கும்.